காலி நாற்காலிக்கு ஓர் ஆள்

வ்ரோத்ஸ்வாஃப் நகரம், டிசம்பர் இருபத்து நான்கு,
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
முதல் நட்சத்திரம் தெரியும்வரை
யாரும் மேசையில் உட்காரக் கூடாது.
ஜன்னலில் மூக்கை அழுத்திக் காவல் நிற்கிறான் திமோன்.
வானம் முழுக்க மேகம்.
எங்களுக்கோ காலையிலிருந்து பட்டினி.

ஐந்து பேருக்கு ஆறு தட்டு வைத்திருக்கிறேன்.
ஆறாவது, வழிதவறி வருகிறவருக்கு.
இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வழிதவறவில்லை.
ஒருமுறை மட்டும் கீழ்வீட்டுக்காரர்
தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தார்.
உட்காருங்கள் என்றதும் பயந்து இறங்கிவிட்டார்.

பசியை மறக்க நாத்தனார் ஹால்ஷ்கா
ஒரு விளையாட்டைத் தொடங்கினாள்:
"இந்த நாற்காலிக்கு யாரை அழைப்பீர்கள்?
இறந்தவரா இருப்பவரா, அதையும் சொல்ல வேண்டும்."

என் கணவன் போஜிதாருக்கு ஓர் அரசர் வேண்டுமாம்.
மாமனாருக்கு, அவர் வாலிபத்தில்
கொட்டும் மழையில் மூன்று பெனால்டி தடுத்த கோல்கீப்பர்.
திமோனுக்கு, விண்வெளியில் முதலில் வாந்தி எடுத்தவர்.
யாரென்று தெரியாது,
"ஆனா யாராவது எடுத்திருப்பாங்க இல்ல?"
ஹால்ஷ்கா பிரிந்துபோன கணவன் பெயரைச் சொன்னாள்.
உடனே மாற்றி, ஓர் ஓபரா பாடகி என்றாள்.
நாங்கள் எல்லாரும் இரண்டாவதை மட்டும்
கேட்டவர்களாக இருந்தோம்.

நான் பல் செய்கிறவள்.
மெழுகிலும் பீங்கானிலும் இருபத்திரண்டு வருஷம்.
யாரைச் சொன்னாலும் எனக்கு வாய்தான் முதலில் தெரியும்.
அரசருக்குக் கடைவாயெல்லாம் சொத்தை.
கோல்கீப்பருக்கு முன்பல் இரண்டு இருக்காது.
பாடகி எதையும் தொட மாட்டாள்,
தொண்டைக்கு ஆகாது என்பாள்.

"நீ யாரைச் சொல்ற?"

இந்த மேசை எங்களுடையதல்ல.
நாற்பத்தாறில், கிழக்கிலிருந்து ரயில் ரயிலாக
வந்திறங்கியவர்களுக்கு
வீட்டுச் சாவியோடு சேர்ந்து கிடைத்தது.
அதற்கு முன் இதைச் சுற்றி ஜெர்மன் பேசியபடி உண்டார்கள்.
அவர்களையும் ரயில்தான் கொண்டுபோனது.
கையில் தூக்க முடிந்ததைத் தூக்கினார்கள்,
மேசையைத் தூக்க முடியுமா?

கல்யாணமான புதிதில் துடைக்கும்போது
விளிம்பில் விரல் தடுக்கியது.
பல்தடம்.
மேலே மூன்று, அடியில் நான்கு.
எலி என்றார் மாமனார்.
எலிக்கும் பிள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?
கீழே நடு இரண்டும் புதுப்பல்,
இன்னும் தேயாத ரம்ப விளிம்பு.
மேலே இடப்பக்கம் ஒன்று விழுந்து, முளைக்கவில்லை.
ஏழு வயது, ஒரு மாதம் முன்பின்.
கோபமா, பசியா, சும்மாவா,
அதை மட்டும் பல் சொல்லாது.

"இதைக் கடிச்ச பிள்ளையை" என்றேன்.
பெயர்? தெரியாது.
ஆணா பெண்ணா? தெரியாது.
"செத்துட்டாங்களா, இருக்காங்களா?"
திமோன் கறாராகக் கேட்டான். விதி விதிதான்.

எந்த வருஷத்துக் கடி என்று மரத்தில் எழுதியில்லை.
எங்கோ ஓர் ஊரில், எண்பது தாண்டி,
ராத்திரி பல்செட்டைக் கழற்றித்
தம்ளரில் போடுகிற ஆளாக இருக்கலாம்.
அந்தச் செட்டையே நான் செய்திருக்கலாம்.
மாதம் நாற்பது பெட்டி
எங்கள் பட்டறையிலிருந்து எல்லை தாண்டிப் போகிறது,
பெட்டியில் பெயர் இருக்காது, எண்தான்.
இல்லை, அந்தக் குளிர்காலத்தையே
தாண்டாமல் போயிருக்கலாம்.

மாமனார் எதுவும் பேசவில்லை.
விரிப்புக்கு அடியில் பரப்பிய வைக்கோலை ஒதுக்கி
அவர் கை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினான் திமோன்.
பார்த்தால் விமானம். மினுக்கிக்கொண்டே போனது.
பரவாயில்லை, இது போதும் என்று
உட்கார்ந்துவிட்டோம்.

கெண்டை மீனில் ஒரு துண்டு
ஆறாவது தட்டில் வைத்தேன்.
ஏழு வயதென்றாலும் எண்பத்தேழு என்றாலும்
செய்ய வேண்டியது ஒன்றுதான்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
முள் எடுத்தேன்.