அளவுக் கொப்பி

ஊராரின் உடம்பெல்லாம் இந்தக் கொப்பிக்குள் கிடக்கிறது.
வளத்தாப்பிட்டி ரீச்சரின் இடுப்பு,
கோயில் செயலாளரின் வயிறு,
தவணைக்குத் தவணை நீளும் பிள்ளைகளின் கைகள்.
மல்வத்தையில் தையல் மெசின் வைத்திருப்பவள்
வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் வேணும்.

கடைசித் தாளில் இவர்.
கலியாணத்துக்கு முந்தின மாதம், பென்சிலால்:
கழுத்து பதினாலு. தோள் பதினேழு.
அப்போது தோளுக்கு ஒரு வரிதான்.

பிறகு சம்மாந்துறை நெல் ஸ்டோருக்கு
நாட்டாமையாகப் போனார்.

கழுத்து பதினாலரை, பதினைந்து, பதினாறு.
என் சமையல் பிடித்துவிட்டது என்று
ஒரு வருசம் பெருமைப்பட்டுத் திரிந்தேன்.
பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு
மயிர் முளைக்காத ஓர் இடம்.
நுளம்பு அங்கே குந்தியிருந்து குடித்துவிட்டுப் போகும்,
அவருக்குத் தெரியாது.
நான் உதடு வைத்ததும் தெரியாது.

ஏழாம் வருசம் தோளை இரண்டாகப் பிரித்து எழுதினேன்.
இடது. வலது.
முக்கால் அங்குலம் வித்தியாசம்.
சாக்கில் ஐம்பது கிலோ என்றுதான் அச்சடித்திருக்கும்;
ஈரநெல் எழுத்து வாசிக்காது.
லொறியிலிருந்து அட்டிக்கு, அட்டியிலிருந்து லொறிக்கு,
பலகையில் ஏறி, பலகையில் இறங்கி.

காற்சட்டை நீளத்தை இரண்டு தடவை குறைத்தேன்.
வளர்ந்த மனிசர் குறைவாரா?
நாடா இழுபட்டுப்போனது என்று
கல்முனையில் புது நாடா வாங்கினேன்.
புது நாடாவும் அதையே சொன்னது.

பங்குனியில் லொறிகள் றோட்டு நீளத்துக்கு நிற்கும்.
அந்த நாட்களில் நோவைப் பற்றி ஒரு சொல் வராது.
சோறு, குளிப்பு, நித்திரை.
சுணை மட்டும் பாயில் என் பக்கத்துக்கும் வந்து கடிக்கும்.
வேலை நின்ற மாதத்தில்தான்
முதுகு விழித்துக்கொண்டு கணக்குக் கேட்கும்.
கோடாலித் தைல மணத்தில்
சாமத்தில் வீடே எழும்பியிருக்கும்.

விரல்கள் கொக்கையை விட்டாலும்
கொக்கை விரல்களை விடுவதில்லை.
விடிய, தேத்தண்ணிக் கோப்பையின் சூட்டில் வைத்து
ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்.
தெறி பூட்ட முடியாமல் ஒரு நாள் கோபப்பட்டார்.
அன்றிரவே அமத்துகிற தெறி வைத்து,
மேலே பொய்த் தெறிகள் தைத்தேன்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பேசாத இன்னொன்றும் உண்டு.
வலத்தோளுக்குள் பழஞ்சீலை மடித்து வைத்துத்தான்
அவருடைய சேட் எல்லாம் தைக்கிறேன்.
சந்திக்குப் போனால் நிமிர்ந்த மனிசர்.
வீட்டில் இருப்பது சவரக் கண்ணாடி;
அதில் தாடைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

போன மாதம் ஹாஜியாரின் மகளுக்குக் கலியாணம்.
ஸ்டோர் ஆட்கள் பதினாலு பேருக்கும்
ஒரே நீலத்தில் கடைச் சேட்.
பந்தலடியில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள்.
இரவு ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார்:

"இஞ்ச பாருகா, வெட்டினவன் ஆரோ தெரியா.
எல்லாச் சேட்டையும் கோணலா வெட்டிப்போட்டான்."

பார்த்தேன்.
பதின்மூன்று நீலம் வலப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது.
றபியுதீனுடையது மட்டும் இடப்பக்கம்.
அவர் இடக்கைக்காரர்.

"ஓம்" என்றேன். "வெட்டுப் பிழை."
"உன்னால திருத்தேலுமா?"
"ஏலும்."

அந்தச் சந்தோசத்தில் ஸ்டோரெல்லாம் சொல்லிவிட்டார்.
மறுநாள் பின்னேரம் ஓர் உரப்பையில்
மற்றப் பதின்மூன்றும் வந்தன,
பிறகு ஆட்களும் வந்தார்கள், ஒவ்வொருவராக,
முற்றத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு.

ஒன்றுக்கு நூற்றைம்பது சொன்னேன். நூல் விற்கிற விலை அப்படி.
புதுத் தாள்கள் திருப்பி
பெயர், கழுத்து, பிறகு தோளுக்கு
முதலிலேயே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

றபியுதீனுக்கு மறக்காமல்
மாற்றி வைக்க வேணும்.