அனுமதிக்கப்பட்ட இழப்பு

கழனிவாசல் கிடங்கின் மாடியில்
ஏசி வைத்த ஒரே அறை சர்வருக்கு.
எங்களுக்கு மின்விசிறி.
நாலு மாதமாக ஒரு பலகாரக் கம்பெனியைக்
கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்:
கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை,
எல்லா வாய்க்காலும் வந்து விழும் கண்மாயாகக் கணக்கு.
படத்தில் அம்புக்குறிகள்
ஒன்றையொன்று முட்டவே இல்லை.

பொருள் பட்டியலில்தான் முதல் சண்டை.
சீப்புச் சீடை, சீப்பு சீடை, சீ.சீடை,
‘பழைய டின் பெரிசு’.
நாலும் ஒன்றுதான் என்றார் உமையாள் மேடம்.
நாலாவது தேன்குழல் என்றார் ஜெபமாலை,
பதினேழு வருஷமாக ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்.
இறங்கிப் போய்த் திறந்து பார்த்தோம்.
தேன்குழல்.

யாருக்கு என்ன உரிமை என்று ஒரு தாள்.
முதலாளி அடைக்கப்பன் எல்லாம் பார்க்கலாம்,
எதையும் மாற்ற முடியாது.
நான் எல்லாம் மாற்றலாம்,
எதுவும் தெரியாது.

ஞாயிறு காலை ஆறுக்குத் தொடக்கம்.
வெள்ளி இரவு ஓர் உற்பத்தி ஆணை மூட மறுத்தது.
பொரித்தது நூறு கிலோ,
கட்டியது தொண்ணூற்றாறரை,
மூன்றரை எங்கே?
எத்தனை முறை அழுத்தினாலும்
அதே சிவப்பு, அதே மரியாதை.

“உடைசல்” என்றார் ஜெபமாலை.
கழிவு என்று அடிக்கப் போனேன்.
விசைப்பலகை மேல் கையை வைத்துவிட்டார்.
“கழிவுன்னா கொட்டணும். இதை யாரு கொட்டுனா?”
சனிக்கிழமைப் பொட்டலங்கள்
பேக்கிங் பெண்கள் வீட்டுக்கு,
ஒன்று லாரி டிரைவருக்கு,
அடித்தூள் கேட்டில் படுத்திருக்கும் நாய்க்கு.

இலவசம் என்று போட்டால் வரி கேட்கும்.
சம்பளம் என்றால் பி.எஃப். கேட்கும்.
கழிவு என்றால் ஜெபமாலை கேட்பார்.
ஒன்றரை மணிக்கு
ஏதோ ஒரு மெனுவின் அடியில் கிடைத்தது:
‘அனுமதிக்கப்பட்ட இழப்பு’.
உச்சவரம்பு மூன்றரை சதவீதம் என்று கொடுத்தேன்.
மூடிக்கொண்டது.

முதல் மாத ஐந்தொகை
பைசா பிசகாமல் ஒத்துப்போனது.
அடைக்கப்பன் ஒரு வரியில் மட்டும் விரலை நிறுத்தினார்:
தினமும் மூன்றரை,
கூடவுமில்லை, குறையவுமில்லை.
“மெஷின் அவ்வளவு சுத்தமா?”
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இறங்கும்போது பேக்கிங் கூடத்தில்
சின்னச் சின்ன முறியும் சத்தம்.
தராசுக்குப் பக்கத்தில் ஜெபமாலை,
முழு முறுக்கு ஒன்று கையில்,
முள் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது.

தொடக்கம் முடிந்த அன்றே
என் உரிமையைக் குறைத்துவிட்டார்கள்.
இப்போது நானும்
பார்க்க மட்டும்.