மூன்று மணிக்குப் பூட்டும் யன்னல்

கம்பிக்கு இந்தப் பக்கம் இருப்பது நான்.
அந்தப் பக்கம் வருகிறவர்கள்
என் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறார்கள்.
எண்ணி முடிக்கும் வரைக்கும் குற்றவாளிகள்.
பற்றுச்சீட்டைக் கிழித்தால் போகலாம்.

பன்னிரண்டு வருடமாக
திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில்
தண்டப்பணம் வாங்குகிறேன்.

இன்று காலை இரண்டு பேர்.
ஒருவன் நிலாவெளி வீதியில்
வெறியில் வெள்ளை வான் ஓடியவன்.
ஊதச் சொன்ன பொலிஸ்காரரிடம்
இன்னும் ரெண்டு தரம் ஊதட்டோ என்று கேட்டவனாம்.
புதிய ஐயாயிரம் தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
எச்சில் தொட்டுப் பிரித்தேன்.
"முடிஞ்சுது மச்சான், சோத்துக்கு வாறன்"
போனில் சொல்லிக்கொண்டே போனான்.

மற்றவர் கிண்ணியா சிஹாப்தீன்.
லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர், காப்புறுதி இல்லை,
இரவு எட்டரை, பெட்டி நிறைய வைக்கோல்.
இருபத்தையாயிரம், இல்லாவிட்டால் மூன்று மாதம்.
நீதவான் இருவருக்கும் ஒரே குரலில்தான் வாசித்தார்.
அந்த 'இல்லாவிட்டால்'
வான்காரனின் காதில் விழுந்திருக்காது.
சிஹாப்தீன் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

அவர் பாவம் என்று சொல்ல வரவில்லை.
வெளிச்சமில்லாத பெட்டியில்
சைக்கிளோடு மோதுகிற பிள்ளைக்கு
வைக்கோல் மெத்தையாகாது.
அன்றைக்கு ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

என் இடது முழங்காலுக்குள் ஒரு தகடு,
ஆறு திருகாணி.
அலஸ்தோட்டத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரம்,
பஸ்ஸை முந்த வந்த கன்ரர்.
நான் எட்டாம் வார்ட்டில் படுத்திருக்க
அதன் சாரதி இதே யன்னலில்
ஏழாயிரத்து ஐந்நூறு கட்டினான்.
என் கதிரையில் அன்று ஜெசிந்தா.
திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள்
பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
ஊதாக் காபனில் அவன் பெயர்,
ஜெசிந்தாவின் அழகான கையெழுத்து,
குற்றம் என்ற இடத்தில் 'கவனயீனம்'.

நெடுநாள் அவனை மறியலில் வைத்திருந்தேன்,
மனதுக்குள்.
பாயில்லாமல், மூத்திர நாற்றத்தில்,
ஒரு வருடம், பிறகு இரண்டு.
கால் அதற்காக ஒருநாளும் மடங்கவில்லை.
மறியலுக்குப் போயிருந்தாலும்
அவன் என்னைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.
அந்த மதிலும் இந்த யன்னலும்
அந்த விசயத்தில் ஒன்று.

எனக்கு வேண்டியிருந்தது வேறு.
ஆறு மாதம் என் கிணற்றில் அவன் தண்ணீர் அள்ள வேண்டும்.
நான் கக்கூசுக்குப் போய்வரும் வரைக்கும்
வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
சட்டத்தரணி ரமணீதரனிடம் சொன்னேன், சிரித்தார்.
நானும் சிரித்தேன். பகிடி இல்லை.

ஆனால் வெள்ளை வான்காரனை உள்ளே போடுவமோ என்றால்
இப்பவும் கை உயர்த்துவேன்.
என் நியாயத்தில் ஓட்டை இருக்கிறது, தெரியும்.

இரண்டு ஐம்பதுக்கு சிஹாப்தீனின் மனைவி வந்தா.
ஷொப்பிங் பையில் சுருட்டிய நூறுகள், ஐம்பதுகள்,
கருவாட்டு மணம்.
இருபத்து மூவாயிரத்து முந்நூறு.
பாதிக் காசு வாங்க எனக்கு அதிகாரமில்லை என்றேன்.
"இது பாதியில்லையே" என்றா.
சரியாகத்தான் சொன்னா.
மணிக்கூடு என் தலைக்குப் பின்னால்,
அவவின் கண்ணில்தான் நேரம் பார்த்தேன்.
மறுபடி எண்ணினேன், மெதுவாக.
எண்ணுவது என் வேலை.

மூன்று மணிக்கு யன்னலைப் பூட்டினேன்.
இன்றைய காசேட்டில் பிழை எதுவும் இல்லை.
என் பேர்சைப் பற்றி எழுத
அதில் நிரல் கிடையாது.

வீட்டுக்குப் போகையில்
பஸ் நிலையத்தடியில் மான்கள்
நடுவீதியில் படுத்திருந்தன.
எல்லா வாகனமும் நின்றது, ஹோர்ன் அடிக்காமல்.
வரிசையில் முன்னால் அந்த வெள்ளை வான்.
அவனே ஓடிக்கொண்டு.
காலையில்தான் அனுமதிப்பத்திரத்தை
ஆறு மாதத்துக்கு நிறுத்தியிருந்தார்கள்.
கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டினான்,
போங்கோ அக்கா, போங்கோ.
என்னை அவனுக்குத் தெரியவில்லை.
விரலைத்தானே பார்த்தவன்.

நான் கடந்தேன்.
தகடு இருப்பதால் கொஞ்சம் நேரம் எடுக்கும்.
நிற்கட்டும்.