கைப்பிடியின் உயரம்

ஜெலுத்தோங் சாலையில் கெங் ஹுவாட் வன்பொருள் கடை.
வாசலில் ஏழு புல்வெட்டி இயந்திரங்கள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டு,
கடா வெட்டுக்கு நிற்கிறவை மாதிரி.

நான் நேராகப் போனது பெட்ரோல் வண்டியிடம்.
முப்பத்தாறு வருடம் பஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டவன்.
குதிரைத்திறன் எவ்வளவு, பிளக் எந்த ஊர்,
எண்ணெய் எத்தனை மணிக்கு ஒருதரம்?
டவுக்கேயின் மகள் பதில் சொல்லச் சொல்ல
என் கை தானாகவே இழுகயிற்றைத் தேடியது.
“தொடாதீங்க” என்றாள் கமலவேணி.

இரண்டு மாதம் முன்பு என் நெஞ்சைத் திறந்து
கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள்.
தள்ளாதே, இழுக்காதே, தூக்காதே.
எனக்கு எழுதிக் கொடுத்த மருத்துவர்
புல்லுக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.
தினமும் மூன்று மணிக்கு மழை.
மாட்டுப்புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.
இரண்டு தடவை வந்து வெட்டிய ரஃபிகுல்
பெர்மிட் முடிந்து போக்ராவுக்கே போய்விட்டான்.

அவள் கேள்விகளில் குதிரை எதுவும் இல்லை.
ஒவ்வொன்றாகத் தூக்கினாள்,
ஒரு கையால், மறு கையில் கைப்பையோடு.
நாலடி நடந்தாள். வைத்தாள். அடுத்தது.
வாசலுக்கும் புல்லுக்கும் நடுவே கால்வாய்.
இருபத்திரண்டு வருடம் தாண்டியிருக்கிறேன், அளந்ததில்லை.
அவள் தையல் டேப்பில் அளந்து வந்திருந்தாள்:
இரண்டேகால் அடி.

ஒயர் வைத்தது வேண்டாமாம்.
“கொய்யா மரத்தை மூணு சுத்து சுத்திக்கும்,
முளையில கட்டின மாடாட்டம் நான் நிக்கணும்.”
எஞ்சினே இல்லாத உருளை வண்டி
சிமென்ட் தரையில் அழகாகச் சிலுசிலுத்தது.
“நறுக்குன்னு இருக்கு. ஆனா குட்டைப் புல்லுக்கு.
நம்ம புல்லு சொன்ன பேச்சு கேக்காது.”

மூலையில் பேட்டரி வண்டி, பதினோரு கிலோ.
கைப்பிடியை இடுப்பு உயரத்துக்கு இறக்கினாள்.
மடக்கினாள், விரித்தாள், திரும்பவும் மடக்கினாள்.
திருகாணியை வலக்கைப் பெருவிரலால் திருகினாள்.
விரல் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.
இடக்கையால் பிடித்து நிமிர்த்திவிட்டு
இடக்கையாலேயே திருகிப் பார்த்தாள்.
சுலபமாகச் சுற்றியது. தலையாட்டினாள்.

“எத்தனை நாளா?” என்றேன்.
“எது?” என்றாள், விலையைப் பார்த்துக்கொண்டே.

எண்ணூற்று நாற்பது வெள்ளி.
இருபதைக் குறைத்தாள்,
சின்ன அளவில் ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு எட்டு மணி. கொடிமலைமேல் மேகம்.
நான் நாற்காலி போட்டு மேற்பார்வை.
“கோணல்” என்றேன்.
அவள் காதில் விழுந்துவிட்டது. அதுதான் தொல்லை.
என் பழைய வண்டி உறுமும்போது
யார் என்ன சொன்னார்களோ, எனக்குக் கேட்டதேயில்லை.
“கோணலா இருந்தா புல்லு அழுதா?
தண்ணி பில்லு கட்டினீங்களா?”
கட்டவில்லை.

கேட்டருகே தொட்டாற்சிணுங்கிப் புதர்.
வாராவாரம் நான் முதலில் மழிக்கிற இடம்.
அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.
காரணம் கேட்க வாயெடுத்தேன்,
தண்ணி பில் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

முக்கால்வாசியில் பேட்டரி தீர்ந்தது.
வண்டியை ஒரு கையால் தூக்கிக் கால்வாயைத் தாண்டி வந்து
படியில் உட்கார்ந்தாள்.
கையுறைக்குள்ளிருந்து விரல்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன,
பெருவிரல் மட்டும் கடைசியில்.

“கையக் காட்டு.”
“ஒண்ணுமில்ல.”
“காட்டு.”

மெல்ல மடக்கி, மெல்ல நிமிர்த்தினேன்.
உள்ளே ஒரு ‘டக்’.
எஞ்சினில் இப்படி ஒரு சத்தம் வந்திருந்தால்
அன்றைக்கே பஸ்ஸை நிறுத்திக்
கழற்றிப் பார்த்திருப்பேன்.

சுவரில் சார்ஜர், சிவப்பு விளக்கு.
கால்வாசிப் புல் அப்படியே நிற்கிறது.
மழைக்கு இன்னும் நேரமிருக்கிறது.