இருவருக்கு ஒரே தொண்டை

கேப்டன் ரோவன் நாற்காலியில் உட்கார்ந்து
நான் பார்த்ததே இல்லை.
மூன்று சீசன், முப்பத்தாறு பகுதி,
கப்பல் தலைகீழாய்ச் சுழலும்போதும்
29சி கண்டக்டர் மாதிரி
கம்பியில் இடுப்பைச் சாய்த்து நிற்கிறான்.
எல்லாரையும் சீக்கிரம் மன்னித்துவிடுகிறான்.
அதனாலேயே அவன்மேல்
எனக்கு முழு நம்பிக்கை கிடையாது.

ஓயூனைத்தான் பிடிக்கும்.
இன்ஜின் எண்ணெயை விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்ப்பாள்,
ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோல.
தமிழில் அவளுக்கு மட்டும்
ராயபுரத்துப் பேச்சு கொடுத்திருந்தார்கள்:
"இன்னா கேப்டன், கப்பலுக்கு மூச்சு வாங்குது பாரு."
தம்பியை வெளியே விட்டுக் கதவை அடைத்த இரவு
அவள் அழவில்லை.
ஸ்பேனரைக் கழுவினாள்.
துடைத்தாள்.
மறுபடி கழுவினாள்.
வேளச்சேரி ரயிலில், கடைசிப் பெட்டியில்,
போனை அணைத்துவிட்டு
நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

க்ராஸ்க்கைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லக் கூடாது.
ஒரு கோளையே எரித்தவன்.
ஆனால் எரிந்த இடத்திலிருந்து ஒரு செடியைத்
தகர டப்பாவில் எடுத்துவந்து
தன் பங்குத் தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றுகிறான்.
லாரி வராத அந்தக் கோடையில்
விடிகாலை மூன்று மணிக்குக்
குடத்தோடு தெருமுனையில் நின்றவள் நான்.
பாதித் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும்.
அவனை வெறுக்க வேண்டிய இடத்தில்
கொஞ்சம் தடுமாறினேன்.

இரண்டாம் சீசனில்தான் காதில் உறைத்தது:
கேப்டனுக்கும் க்ராஸ்க்குக்கும்
தமிழில் ஒரே குரல்.
வில்லனுக்குக் கரகரப்பு சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.
'ச' வரும் இடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.
அதே மெல்லிய விசில்.
நிலவின் பின்புறத்தில்
துப்பாக்கி நீட்டி அவர்கள் நின்றபோது
கோடம்பாக்கத்துப் பக்கம் ஏதோ ஏசி அறையில்
ஒரே ஆள்
தன்னையே மிரட்டி
தனக்கே அடங்க மறுத்துக்கொண்டிருந்திருப்பான்.
நடுவில் டீ குடித்திருப்பான்.

நான்காம் சீசன் தமிழில் வரவில்லை.
கீழே எழுத்து ஓடியது.
ரோவனின் சொந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.
மெல்லிசு. மூக்கால் வந்தது.
யாரோ அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு
வந்து நின்றதுபோல.
ஓயூன் ராயபுரத்தைவிட்டுப் போயிருந்தாள்.
பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

என் வேலை வீடு வீடாய்ப் போய் ரத்தம் எடுப்பது.
போன மாசியில், சாலிகிராமத்தில்,
லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
கதவு திறக்கும் முன்பே கேட்டது:
"சர்க்கரைதானே? சாப்பிடலை. சீக்கிரம் எடுத்துடுங்கம்மா."
மூன்று 'ச'. மூன்று விசில்.

ஸ்டிக்கரில் எழுதினேன்:
ஆ. தேவசகாயம், 56, ஆண், வெறும் வயிறு.
நாற்காலியில் உட்கார்ந்துதான் கை நீட்டினார்.
ஆகவே கேப்டன் இல்லை.
பால்கனித் தொட்டியில் காய்ந்த மண் மட்டும்.
ஆகவே க்ராஸ்க்கும் இல்லை.
ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.
அப்படி மூடியவர்கள்
அந்தக் கப்பலில் யாருமே இல்லை.

கேட்டிருக்கலாம்.
நாலாவது சீசன் என்ன ஆச்சு என்று.
இல்லை, அந்த நிலவுச் சண்டை அன்று
யார் பக்கம் நின்றீர்கள் என்று.
பஞ்சை அழுத்திக்கொண்டே
"அஞ்சு நிமிஷம் கையை மடக்காதீங்க" என்றேன்.

"சரி" என்றார்.

காற்று தீர்ந்த அறையில்
ரோவன் கடைசியாய்ச் சொன்னதும் அதே சொல்தான்.
அதற்கு க்ராஸ்க் சொன்ன பதிலும்.

மதியம் வடபழனி சிக்னலில்
போனில் ரிப்போர்ட் வந்தது.
இருநூற்று நாற்பத்து மூன்று.
"இன்னா கேப்டன்,
கப்பலுக்கு மூச்சு வாங்குது பாரு" என்று
சத்தமாகவே வந்துவிட்டது வாயில்.
பக்கத்து ஆட்டோக்காரர்
தன் வண்டியைத்தான் சொல்கிறேனென்று
குனிந்து பார்த்தார்.