வாளி இருந்த இடம்

மாரிட்ஸ்பர்க். பெயரிலேயே மாரி.
மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பரில்
லிச்சிப் பழம் பருமனுக்கு ஆலங்கட்டி விழுந்து
தபால் நிலையத்தின் கூரைக் கண்ணாடி விரிந்தது.
அன்றைக்குக் கீழே வைத்த நீல வாளி
நாளாவட்டத்தில் அரசாங்கச் சொத்தாகிவிட்டது.
அதற்கும் ஓர் எண் ஒட்டியிருந்தார்கள்.

என்னைக் கூப்பிட மூன்று வருஷம்.
கூப்பிட்டபின் மூன்று நாள் கெடு.
அதுவும் உதவித்தொகை கொடுக்கிற வாரம்.
"கூடத்தை மூட முடியாது படையாச்சி,
ஜனங்களுக்கு மேலேயே முடித்துக்கொள்"
என்றாள் மிஸஸ் ஸோண்டி.

வலை கட்டிவிட்டு ஏறினோம், நானும் சிபுவும்.
கூரைமேல் முழங்காலிட்டுப் பார்த்தால்
மனிதர்களுக்கு முகம் கிடையாது.
வழுக்கை, கம்பளித் தொப்பி,
பின்னல், பின்னலுக்கு நடுவே பாத்தி,
ஒரே ஒரு வகிட்டில் குங்குமம்.
வாளியண்டை வந்ததும் வரிசை
ஒரு வளைவு வளைந்து
நிமிர்ந்துகொண்டது.

பழைய கண்ணாடிக்குள் கம்பி வலை.
உடைந்ததை உதிர விடாமல் பிடித்திருந்தது அதுதான்.
சட்டத்து மூலையில் மைனாக் கூடு.
நூல், சிகரெட் பஞ்சு, யாருடையதோ பாதிக் கையெழுத்து.
எங்களைப் போலக் கப்பலில் வந்த பறவை.
நல்லவேளை, முட்டை இல்லை.
இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளியிருப்பேன்,
மிஸஸ் ஸோண்டி என்னைப் பார்சல் கட்டியிருப்பாள்.

பதினொன்றேகாலுக்குக் கண்ணாடியைத் தூக்கினோம்.
நாற்பது நிமிஷம் கூடத்துக்கு வானம் இருந்தது.
அப்போதுதான் எல்லாருக்கும் முகம் வந்தது,
முந்நூறு முகம், அண்ணாந்து.
ஒரு குழந்தை கையாட்டியது.
கூட்டிப் பெருக்கும் நொம்வூலா
(அவள் பெயரிலும் மழைதான்)
"மேலே நிற்கிறவர்களும் டோக்கன் எடுக்கணும்"
என்று கத்தினாள்.

புதியதை இறக்கி, ரப்பர் அழுத்தி,
சிலிகான் இழுத்து, விரலால் வழித்து
இறங்கி வந்து பார்க்கிறேன்.
அறுபது வருஷப் பழுப்பில் வடிகட்டாத வெளிச்சம்
தரையில் சதுரமாய்க் கிடந்தது.
திரை தெரியவில்லை என்று
மூன்றாம் கவுண்டர்ப் பெண் அட்டை வைத்து மறைத்தாள்.
சுவர் தன் அழுக்கையெல்லாம் ஒப்புக்கொண்டது.

தரையில் வட்டங்கள்.
சிவப்பு சிமெண்டில் வேறொரு சிவப்பு.
காசு அகலம், மூன்றடிக்கு ஒன்று,
வாசல் தொடங்கிக் கவுண்டர் வரை நூல் பிடித்த மாதிரி.
எண்ணினேன். பதினேழு.
தடுப்புக் கம்பி நின்ற துளைகள்.
அந்தப் பக்கம் நாலு ஜன்னல் இருந்திருக்கும்,
இந்தப் பக்கம் ஒன்று.
அப்பா எங்கே நின்றிருப்பார் என்று
யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சிபுவுக்குக் காட்டினேன்.
குனிந்து ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தான்.
"நல்லா அடைச்சிருக்கான்" என்றான், தொழில்காரன்.
கொஞ்சம் பொறுத்து,
"நம்ம ஆளாத்தான் இருக்கும்" என்றான்.
அந்த 'நம்ம'வில் நான் உண்டா என்று
கேட்க நினைத்து, ஏணியை மடக்கினேன்.

நொம்வூலா வாளியைத் தூக்கிப் போனாள்,
எண்ணோடு.
வரிசை நகர்ந்தது.
குடையும் பையும் கைக்குழந்தையுமாக
அந்த வட்டங்களைக் குறுக்கே மிதித்துக் கடந்தது,
குனிந்து பாராமல்.
வாளி இருந்த இடம் வந்ததும் மட்டும்
ஒரு வளைவு வளைந்து
நிமிர்ந்துகொண்டது.