ஃபிரிட்ஜைப் பிடுங்கிய இரவு

கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
வூட்ஜ் நகரத்துப் பனியை பூட்ஸில் சுமந்து
நாலாம் மாடி ஏறும்போது மணி ஒன்றரை.
யாக்னா உறங்குகிறாள்.
சமையலறை மேசையில் லேப்டாப்.
துணி உலர்த்தும் கம்பியில் மைக்.
குட்டி ஆம்ப்புக்கு என் குளிர்கோட்டைப் போர்த்தி
வாயை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

முதல் சங்கடம் தாமதம்.
விரல் மீட்டுவது இப்போது,
ஹெட்போனுக்கு வந்து சேர்வது சற்றுப் பொறுத்து.
எனக்கு இது புதிதில்லை.
பதினாறு வருடமாக
நிறுத்தம் வருமுன்பே நிறுத்தத் தொடங்குகிறவன் நான்.
பிரேக்கை அழுத்துவதற்கும் வண்டி நிற்பதற்கும் நடுவில்
எத்தனை பேர் தண்டவாளம் தாண்டுவார்கள் என்று தெரியும்,
உறைபனி நாளென்றால் கூடுதலாக இரண்டு பேர்.
அதே கணக்கில் கையை முந்தவிட்டு வாசித்தேன்.
தாளம் நேரத்துக்கு வந்தது.
நான் வரவில்லை.

பஃபரை அறுபத்து நாலுக்கு இறக்கினேன்.
தாமதம் தொலைந்து வெடிப்பு வந்தது:
பனி பிடித்த மின்கம்பியை டிராமின் கொம்பு உரசும்போது
நீலமாய்ப் பொரியுமே,
அதே சத்தம், காதுக்குள்.
நூற்றிருபத்தெட்டில் இருவரும் சமாதானமானோம்.

அப்புறம்தான் அந்த முனகல்.
சின்னது. கொதிக்கலாமா வேண்டாமா என்று
கெட்டில் யோசிப்பதைப் போல.
வாசிக்கையில் இருக்கிறது.
கையை எடுத்துக் காது கொடுத்தால் இல்லை.
திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்,
நான் நடந்தால் நடக்கிறான், நின்றால் நிற்கிறான்.

விளக்கை அணைத்தேன்.
சார்ஜரைப் பிடுங்கினேன்.
சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் படுக்கவைத்தேன்.
நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி
எட்டுத் திசைக்கும் ஒருமுறை வாசித்தேன்.
பால்கனிப் பக்கம் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது,
அல்லது எனக்குத் தூக்கம்.
மிச்சம் இருந்தது ஃபிரிட்ஜ்.

மூன்று மணிக்கு, இருட்டில்,
நாற்பத்தேழு நொடி
என் விரல்கள் என் பேச்சைக் கேட்டன.
சேமித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் என்னை எழுப்பியது அலாரம் இல்லை,
"போகுஷ்!"
தரையெல்லாம் தண்ணீர்.
கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து அவள் பிடித்த
எண்பது பியெரோகியும்
ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பியெரோகி ஆகியிருந்தது.
பெரிய பானை ஏறியது.
எதிர்வீட்டு கிளெமென்ஸைத் தட்டி எழுப்பினோம்.
காரணம் கேட்காமல் முள்கரண்டியோடு வந்தார்.

"இதுக்காவது நல்லா வந்துச்சா?"
வெண்ணெய் விரலால் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.
நாற்பத்தேழு நொடியும் கேட்டாள். மறுபடி கேட்டாள்.
"ஏதோ முனகுது."
"ஃபிரிட்ஜ்தான் பிடுங்கியாச்சே."
"ஃபிரிட்ஜ் இல்ல. நீ."
நான் எங்கே பாடினேன் என்றேன்.
"யாரு பாட்டுன்னு சொன்னா?
தூக்கத்துலயும் இதே இழுப்புதான்.
பதினோரு வருஷமா கேக்கறேன்."

கிளெமென்ஸ் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.
எடுத்துவிடவா, இன்னொரு தரம் வாசிக்கவா என்று கேட்க
வாயைத் திறந்தேன்.
அதற்குள் இரண்டாம் ஈட்டுக்குத் தண்ணீர் தளைத்துவிட்டது,
அவள் எழுந்து போய்விட்டாள்.
ஃபிரிட்ஜை இன்னும் யாரும் செருகவில்லை.